லினக்ஸ் சர்வரில் நெட்வொர்க் கார்டு டிரைவர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

சர்வரில் நெட்வொர்க் வரவில்லை என்றதும் கார்டு கம்பெனியின் தளத்துக்குப் போய் டிரைவர் சோர்ஸை இறக்கி, மேக் இன்ஸ்டால் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பல கேஸில் கம்பைலே தேவைப்படாது. கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) அந்தக் கார்டு தெரிகிறதா? தெரிகிறது என்றால் எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது? பிடித்திருக்கிறது என்றால், இப்போது மெமரியில் ஓடுவது நாம் கட்டிய டிரைவர்தானா, இல்லை கர்னலோடு வந்த பழையதா? இந்த மூன்றாவதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ராத்திரி முழுக்க உட்கார வைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் டேட்டா சென்டர்களில் ஷிஃப்ட் பார்க்கும் நம்ம பையன்கள் அடிக்கடி கேட்பதை வைத்து அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கட்டளைகளும் பிழைச் செய்திகளும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன, டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்துகொண்டு, அதே எஸ்எஸ்எச் ஓடும் கார்டின் டிரைவரைக் கழற்றப் போகிறீர்கள். ஐடிராக், ஐஎல்ஓ, ஏதோ ஒரு பிஎம்சி (சர்வரைத் தொலைவில் இருந்து இயக்கும் தனிச் சிப்) கன்சோல் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். லாகின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று அதிகாலை மூன்று மணிக்குத் தேடக்கூடாது. கன்சோலே கிடையாது என்றால் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் கட்டளை தொடர்ந்து ஓடும் டெர்மினல்) போய், கழற்றுவதையும் மாட்டுவதையும் ஒரே வரியில் கொடுங்கள்: மோட்ப்ரோப் -ஆர் ஐஎக்ஸ்ஜிபிஇ, செமிகோலன், மோட்ப்ரோப் ஐஎக்ஸ்ஜிபிஇ (மோட்ப்ரோப் என்பது டிரைவர் மாட்யூலை, அதாவது கர்னலில் மாட்டிக் கழற்றும் துண்டை, ஏற்றவும் கழற்றவும் உள்ள கட்டளை; ஐஎக்ஸ்ஜிபிஇ உதாரணத்துக்கு, இன்டெல் 10 ஜிகாபிட் டிரைவர்). அதற்கும் முன்னால் ஷட்டவுன் -ஆர் +10 என்று ஒரு ரீபூட்டை அட்டவணை போட்டு வைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக வந்தால் ஷட்டவுன் -சி கொடுத்து ரத்து செய்யலாம், வராவிட்டால் பத்து நிமிடத்தில் சர்வர் தானாக ரீபூட் ஆகிப் பழைய டிரைவரோடு எழும்.

பழைய டிரைவரோடு எழ வேண்டும் என்றால் புதியதை இன்னும் இன்ஸ்டால் செய்திருக்கக் கூடாது, இதைக் கவனியுங்கள். கட்டி முடித்ததும் நேராக மேக் இன்ஸ்டால் போகாமல், கட்டிய ஃபோல்டரில் இருந்தே இன்ஸ்மோட் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். இன்ஸ்மோட் சார்பு மாட்யூல்களைத் தானாகக் கொண்டுவராது. அன்னோன் சிம்பல் என்று சொன்னால், மோட்இன்ஃபோவில் (மாட்யூல் ஃபைலின் விவரம் காட்டும் கட்டளை) டிபெண்ட்ஸ் என்ற வரியில் இருப்பவற்றை (ஐஎக்ஸ்ஜிபிஇ என்றால் எம்டிஐஓ, டிசிஏ போன்றவை) முதலில் மோட்ப்ரோப் செய்துவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

அறிகுறி: எல்எஸ்பிசிஐ பட்டியலிலேயே கார்டு இல்லை

எல்எஸ்பிசிஐ என்பது சர்வரில் மாட்டிய கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை. அதிலேயே இல்லை என்றால் இது டிரைவர் பிரச்சினை இல்லை. என்ன டிரைவர் கட்டினாலும் பலன் இருக்காது. கார்டைக் கழற்றி மாட்டுங்கள், பயாஸில் அந்த ஸ்லாட் அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டு சிபியு போடக்கூடிய சர்வரில் ஒரே சிபியு இருந்தால், இரண்டாவது சிபியுவோடு இணைந்த ஸ்லாட்கள் வேலை செய்யாது. ரைசரில் (ஸ்லாட்கள் இருக்கும் துணைப் பலகை) எந்த ஸ்லாட் எந்த சிபியுவுக்கு என்பது மேனுவலிலும், பல சர்வர்களில் மேல் மூடியின் உள்பக்கம் ஒட்டிய படத்திலும் இருக்கும். வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பல நேரம் முடிந்துவிடும்.

அறிகுறி: கார்டு தெரிகிறது, இன்டர்ஃபேஸ் வரவில்லை

எல்எஸ்பிசிஐ -என்என்கே அடியுங்கள். உங்கள் கார்டின் வரியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் கோலன் போட்டு இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர், அடுத்தது சாதனம். 8086 என்றால் இன்டெல், 14இ4 பிராட்காம், 15பி3 மெல்லனாக்ஸ், 10இசி ரியல்டெக். 8086:1521 என்றால் ஐ350, டிரைவர் ஐஜிபி. 8086:1572 என்றால் எக்ஸ்710, டிரைவர் ஐ40இ. கார்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையோ பில்லில் இருக்கும் பெயரையோ நம்பாதீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் பழைய சர்வரில் இருந்து கழற்றி விற்கும் கார்டுகளில் டெல் பெயர், எச்பி பெயர் என்று பல வேஷம் இருக்கும், உள்ளே இருக்கும் சிப் ஒன்றாகவே இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

அதே வெளியீட்டில் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ், கர்னல் மாட்யூல்ஸ் என்று இரண்டு வரிகள். இரண்டாவது இருந்து முதலாவது இல்லை என்றால், கர்னலுக்கு டிரைவர் தெரியும், ஆனால் ஏறவில்லை அல்லது ஏறிய இடத்தில் தோற்றுவிட்டது. உடனே டிமெஸ்ஜி (கர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள், பதில் அங்கேயே எழுதியிருக்கும். இரண்டுமே இல்லை என்றால் இந்தக் கர்னலில் அந்த எண்ணுக்கு டிரைவரே இல்லை. உபுண்டுவில் இதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. குறைந்தபட்ச இமேஜ்களில் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ் இருக்காது, டிரைவர் அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ரெட் ஹேட் வகையறாவில் வேறு காரணம். பெரிய வெர்ஷன் மாறும்போது பழைய கார்டுகளின் ஆதரவை எடுத்துவிடுவார்கள், 7ல் ஓடிய கார்டு 8ல் பேசாது. இங்கே சோர்ஸைத் தேடி அலைவதற்கு முன் ஈஎல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியத்தில் கேமோட் (தயாராகக் கட்டிய மாட்யூல்) பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். சாதன எண் வாரியாகப் பட்டியலே போட்டிருக்கிறார்கள்.

டிரைவர் இன் யூஸ் வரியில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்று இருந்தால் யாரோ அந்தக் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கோ டிபிடிகேவுக்கோ (கர்னலைத் தாண்டிக் கார்டை நேராக இயக்கும் மென்பொருள்) ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். டிரைவரைத் தொடாமல் அந்த யாரோவிடம் பேசுங்கள்.

ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்) இல்லாததும் இதே அறிகுறியைக் காட்டும். டிமெஸ்ஜியில் 'ஃபெயில்டு டு லோட்' என்று ஒரு ஃபைல் பெயரோடு வரும், பிராட்காமின் பழைய பிஎன்எக்ஸ்2 கார்டுகளில் இது ரொம்ப சகஜம். டெபியனில் 2023ல் வந்த 12ஆம் வெர்ஷனில் இருந்து இன்ஸ்டாலரிலேயே இந்த ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன, அதற்கு முந்தையதில் நான்-ஃப்ரீ பகுதியை நாமே சேர்க்க வேண்டும். இன்டெல் இ810 கார்டு கொஞ்சம் வேறு மாதிரி. அதன் ஐஸ் டிரைவருக்கு டிடிபி என்ற ஒரு பேக்கேஜ் ஃபைல் வேண்டும், /லிப்/ஃபர்ம்வேர்/இன்டெல்/ஐஸ்/டிடிபி என்ற இடத்தில். அது இல்லாவிட்டால் கார்டு நின்றுவிடாது, 'சேஃப் மோட்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு முக்கியமான வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு ஓடும். நெட்வொர்க் இருக்கிறது, பிங் போகிறது, வேகம் மட்டும் இல்லை. 100 ஜிகாபிட் கார்டு ஏன் இப்படி இழுக்கிறது என்று ஸ்விட்சைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அறிகுறி: மேக் பாதியில் நிற்கிறது

முதல் வகை எளிது. /லிப்/மாட்யூல்ஸ்/ அடியில் யுநேம் -ஆர் (ஓடும் கர்னலின் வெர்ஷனைச் சொல்லும் கட்டளை) காட்டும் அதே வெர்ஷன் ஃபோல்டருக்குள் பில்டு என்று ஒரு இணைப்பு இருக்க வேண்டும். அது இல்லை, அல்லது காற்றில் தொங்குகிறது என்றால் ஹெடர் (டிரைவர் கட்டத் தேவையான கர்னல் ஃபைல்கள்) இல்லை என்று அர்த்தம். உபுண்டு, டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ், ரெட் ஹேட், ராக்கி, அல்மாவில் கர்னல்-டெவல். இங்கே எல்லாரும் இடறும் இடம்: வெறும் கர்னல்-டெவல் என்று கேட்டால் யம் சமீபத்திய வெர்ஷனைக் கொண்டுவந்து தரும், ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். யுநேம் -ஆர் காட்டும் எண்ணை அப்படியே பேக்கேஜ் பெயரின் பின்னால் ஒட்டிக் கேளுங்கள். அந்த எண்ணில் இப்போது கிடைக்கவில்லை என்றால் கர்னலையும் சேர்த்து அப்டேட் செய்து, ரீபூட் செய்து, பிறகு கட்டுங்கள். சென்ட்ஓஎஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: 2024 ஜூன் 30ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்தது, பழைய மிரர்கள் வேலை செய்யாது, வால்ட் களஞ்சியத்தின் முகவரியை ரெப்போ ஃபைலில் மாற்ற வேண்டும்.

நெட்வொர்க்கே இல்லாத சர்வரில் ஹெடரை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள். பிஎம்சியின் விர்ச்சுவல் மீடியாவில் முழு டிவிடி ஐஎஸ்ஓவை மாட்டி அதையே லோக்கல் ரெப்போவாக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள் அல்லது போன் யுஎஸ்பி டெதரிங் இன்னும் சுலபம், டேட்டா சென்டர் விதி அனுமதித்தால். இதைவிட நல்ல வழி, அதே ஓஎஸ், அதே கர்னல் இருக்கும் வேறு மெஷினில் கட்டி மாட்யூலை மட்டும் எடுத்து வருவது. புரொடக்ஷன் சர்வரில் கம்பைலர் இருக்கக்கூடாது என்று செக்யூரிட்டி டீம் சொல்லும் இடங்களில் இது ஒன்றுதான் வழி.

இரண்டாவது வகை கம்பைலர் பொருத்தம். உபுண்டு 22.04ல் எச்டபிள்யுஇ கர்னல் 6.5 வந்தபோது பலரிடம் இது வெடித்தது. கர்னல் ஜிசிசி 12ல் கட்டப்பட்டது, சிஸ்டத்தில் இயல்பாக இருப்பதோ 11. 'அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்' என்று எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட் பெயரைச் சொல்லித் திட்டும், அல்லது ஜிசிசி-12 கிடைக்கவில்லை என்று நேராகவே சொல்லும். ஜிசிசி-12 பேக்கேஜை நிறுவினால் சரி. எந்தக் கம்பைலரில் உங்கள் கர்னல் கட்டப்பட்டது என்பது /ப்ராக்/வெர்ஷன் ஃபைலில் முதல் வரியிலேயே இருக்கிறது. ரெட் ஹேட் 8, 9 வகையறாவில் லிப்எல்ஃப் கேட்டு நின்றால் எல்ஃபுடில்ஸ்-லிப்எல்ஃப்-டெவல் போடுங்கள்.

மூன்றாவது வகைதான் நிஜமான தலைவலி. ஹெடர் இருக்கிறது, கம்பைலர் சரி, ஆனால் சி கோடே கம்பைல் ஆகவில்லை. கர்னலுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களுக்கு நிரந்தரமான வடிவம் எதுவும் கிடையாது, கர்னல் ஆட்கள் அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கர்னல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களை அவர்களே கூடவே மாற்றிவிடுவார்கள், வெளியில் இருக்கும் டிரைவர்தான் பின்தங்கும். 5.17ல் ரிங் அளவை வாங்கும் ஈத்டூல் (கார்டின் நிலையைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள கருவி) ஃபங்ஷனுக்குக் கூடுதல் ஆர்க்யுமெண்ட்கள் வந்தன. அதே 5.17ல் டெவ்_அட்ரில் நேரடியாக எழுத முடியாதபடி கான்ஸ்ட் ஆக்கினார்கள். 6.1ல் நெட்இஃப்_நாபி_ஆட் ஃபங்ஷனில் இருந்து வெயிட் ஆர்க்யுமெண்ட் போனது. 6.8ல் எஸ்டிஆர்எல்சிபிஒய் மொத்தமாக நீக்கப்பட்டது. ஆக 'டூ மெனி ஆர்க்யுமெண்ட்ஸ் டு ஃபங்ஷன் நெட்இஃப்_நாபி_ஆட்' என்று வந்தால் உங்கள் டிரைவர் சோர்ஸ் 6.1க்கு முந்தைய காலத்தது, கர்னல் அதற்குப் பிந்தையது. பிழையில் இருக்கும் ஃபங்ஷன் பெயரே வயதைச் சொல்லிவிடும்.

ரெட் ஹேட் கர்னலில் இது இன்னும் குழப்பும். 8ல் கர்னல் எண் 4.18, 9ல் 5.14, கடைசி வரை அதே எண்தான். ஆனால் நெட்வொர்க் பகுதியில் பின்னால் வந்த கர்னல்களின் மாற்றங்களை ஒவ்வொரு மைனர் ரிலீஸிலும் உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். பெயர்ப்பலகை பழசு, உள்ளே கடை புதுசு. டிரைவர் சோர்ஸ் கர்னல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகப் போகும், அதனால்தான் இன்டெல் டிரைவர்களில் கேகம்பாட் என்ற பெயரில் பெரிய ஹெடர் ஃபைல் ஒன்று, ரெட் ஹேட் ரிலீஸ் எண்ணைத் தனியாகப் பரிசோதிக்கிறது. 9ன் ஒரு மைனர் ரிலீஸில் கட்டிய சோர்ஸ் அடுத்த மைனர் ரிலீஸில் உடைவது இதனால்தான்.

இந்த நிலையில் இணையத்தில் கிடைத்த மூன்று வரி பேட்ச்சை ஒட்டி ஓட்டிவிடலாம் என்று கை அரிக்கும். லேபில் செய்யுங்கள், தாராளமாக. வாடிக்கையாளர் டிராஃபிக் ஓடும் சர்வரில் வேண்டாம். கம்பைல் ஆகிவிட்டது என்பதற்கும் லோடில் சரியாக ஓடும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை, நெட்வொர்க் டிரைவரில் தவறு என்றால் கர்னல் பேனிக்கில் (மொத்தச் சிஸ்டமும் நின்றுபோவது) போய் முடியலாம். ரீட்மீ, ரிலீஸ் நோட்ஸில் உங்கள் ஓஎஸ் வெர்ஷன் பெயர் சொல்லி இருக்கும் புதிய டிரைவரை எடுங்கள். இல்லையென்றால் கர்னலோடு வந்த டிரைவரிலேயே இருங்கள். என்னைக் கேட்டால், கர்னலோடு வந்ததில் உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட ஒன்று இல்லை என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால் மட்டுமே வெளி டிரைவருக்குப் போக வேண்டும். 'லேட்டஸ்டா இருக்கட்டுமே' என்பது காரணம் ஆகாது.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு அதே ஃபோல்டரில் மறுபடி கட்டுகிறீர்கள் என்றால் மேக் க்ளீன் முதலில். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்கள் அங்கேயே கிடந்து விசித்திரமான பிழைகளைத் தரும்.

பயப்பட வேண்டாத சில வரிகளும் உண்டு. 'ஸ்கிப்பிங் பிடிஎஃப் ஜெனரேஷன்' என்று விஎம்லினக்ஸ் இல்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சைனிங் கீ ஃபைல் இல்லை என்று எஸ்எஸ்எல் எரர் வந்தால் மாட்யூல் கையெழுத்து இல்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது, செக்யூர் பூட் (கையெழுத்திட்ட கோடை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இல்லாத சர்வரில் அது பிரச்சினை இல்லை. 'டெயிண்ட்ஸ் கர்னல்' என்பதும் வெறும் குறிப்புதான். ஆனால் சிஸ்டம்.மேப் இல்லை, டெப்மோடை (மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) தவிர்க்கிறேன் என்று ஒரு வார்னிங் வரும், அதை மட்டும் கடந்து போகாதீர்கள். அதற்குப் பிறகு டெப்மோட் -ஏ நாமே அடிக்காவிட்டால் புதிய மாட்யூல் இருப்பது மோட்ப்ரோபுக்குத் தெரியவே தெரியாது.

அறிகுறி: கட்டியாயிற்று, மோட்ப்ரோப் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது

மோட்ப்ரோப் சொல்லும் ஒரு வரிப் பிழையோடு நிற்காமல் டிமெஸ்ஜியின் கடைசி வரிகளைச் சேர்த்துப் படியுங்கள், விவரம் அங்கேதான்.

இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட் என்றால் வேறு கர்னலுக்குக் கட்டியது இங்கே வந்திருக்கிறது. மோட்இன்ஃபோவில் வெர்மேஜிக் (எந்தக் கர்னலுக்குக் கட்டியது) வரியையும் யுநேம் -ஆர் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு எண் வித்தியாசம் கண்ணில் படும்.

மாட்யூல் இன் யூஸ், கழற்ற முடியாது என்றால் மேலே இன்னொரு மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது. மெல்லனாக்ஸில் எம்எல்எக்ஸ்5_கோர் மேல் எம்எல்எக்ஸ்5_ஐபி, இன்டெல்லில் ஐஸ் அல்லது ஐ40இ மேல் ஐஆர்டிஎம்ஏ. மேலே இருப்பதைக் கழற்றிவிட்டுக் கீழே வாருங்கள்.

'ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்' அல்லது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' வந்தால் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது. மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட் கொடுத்து உறுதி செய்யுங்கள். பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைப்பது சுலபம் என்று பலர் செய்கிறார்கள், ஆனால் பேங்கிங், பேமெண்ட் கஸ்டமர்களின் சர்வரில் ஆடிட்டில் கேள்வி வரும். சரியான வழி, சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, மோக்யுடில் --இம்போர்ட் மூலம் பதிந்து, கர்னல் சோர்ஸோடு வரும் சைன்-ஃபைல் கருவியால் மாட்யூலில் கையெழுத்திடுவது. உபுண்டுவில் டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது டிரைவரைத் தானே மறுபடி கட்டும் கருவி) வழியாகப் போனால் சாவி, கையெழுத்து இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பதிவு மட்டும் நாம் செய்ய வேண்டும்.

அந்தப் பதிவில்தான் மாட்டிக்கொள்வார்கள். இம்போர்ட் கொடுக்கும்போது ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும், பிறகு ரீபூட். ஓஎஸ் எழுவதற்கு முன் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று பத்தில் இருந்து கீழே எண்ணும். பிஎம்சி கன்சோல் ரீபூட்டில் ரெசல்யூஷன் மாறும்போது இரண்டு மூன்று விநாடி கருப்பாகிவிட்டுத் திரும்பும், சில மாடல்களில் ஜாவா விண்டோ மறுபடி இணைவதற்குள் எண்ணிக்கையே முடிந்து சர்வர் பேசாமல் பூட் ஆகிவிடும். சாவி பதியப்படாது, இம்போர்ட் கோரிக்கையும் போய்விடும், முதலில் இருந்து வர வேண்டும். இதைத் தவிர்க்க ரீபூட்டுக்கு முன் மோக்யுடில் --டைம்அவுட் -1 கொடுத்துவிடுங்கள், நீங்கள் கீயை அழுத்தும் வரை அந்தத் திரை காத்திருக்கும். பாஸ்வேர்டில் ஸ்பெஷல் கேரக்டர் வைக்காதீர்கள். கன்சோல் கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் அடித்தது ஒன்று, அங்கே போனது ஒன்று என்று ஆகும். உள்ளே போனதும் என்ரோல் மோக், கன்டினியூ, எஸ், பாஸ்வேர்டு, ரீபூட், அவ்வளவுதான்.

அறிகுறி: புதிய டிரைவர் ஏறியது, ரீபூட்டுக்குப் பிறகு பழையது வந்துவிட்டது

ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது கேள்வி இங்கேதான். மோட்இன்ஃபோ ஐ40இ என்று அடித்துப் புதிய வெர்ஷனைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். மோட்இன்ஃபோ காட்டுவது டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை. மெமரியில் ஓடுவதைக் காட்டுவது ஈத்டூல் -ஐ. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் /சிஸ்/மாட்யூல்/ அடியில் அந்த டிரைவரின் ஃபோல்டருக்குள் எஸ்ஆர்சிவெர்ஷன் என்ற ஃபைலில் இருக்கும் எழுத்துக்கோவையை, மோட்இன்ஃபோ காட்டும் எஸ்ஆர்சிவெர்ஷனோடு ஒப்பிடுங்கள்.

புதிய கர்னல்களில் ஒரு சுருக்கு வழியும் உண்டு. இன்டெல்லின் கர்னலோடு வரும் டிரைவர்கள் இப்போது தனி வெர்ஷன் எண் வைத்துக்கொள்வதில்லை, அதனால் ஈத்டூல் -ஐ அதற்குக் கர்னல் எண்ணையே வெர்ஷன் என்று காட்டும். அங்கே 5.14.0 என்று தொடங்கி உங்கள் கர்னல் எண் அப்படியே வந்தால் ஓடுவது கர்னலோடு வந்தது. கர்னல் எண்ணோடு பொருந்தாத தனி எண் இருந்தால் வெளியில் இருந்து கட்டியது.

காரணம் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ். பூட்டின் முதல் கட்டத்தில் ரூட் டிஸ்க் வருவதற்கு முன்பே அதற்குள் இருக்கும் மாட்யூல்கள் ஏறுகின்றன, நெட்வொர்க் டிரைவர் அதற்குள் இருந்தால் பழைய நகல்தான் முதலில் கார்டைப் பிடிக்கும். பின்னால் டிஸ்க்கில் புதியது இருந்து என்ன பயன்? எல்எஸ்இனிட்ஆர்டி அல்லது உபுண்டுவில் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்து, அதில் டிரைவர் பெயரைக் கிரெப் செய்து பாருங்கள். ரெட் ஹேட் வகையில் டிராகட் -எஃப், உபுண்டு டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஆப்ஷன் மாற்றினாலும் இதே கதைதான். இனிட்ராம்எஃப்எஸை மறுபடி கட்டாவிட்டால் ஆப்ஷன் பூட்டில் எடுபடாமல் போகலாம்.

இனிட்ராம்எஃப்எஸ் சரி, ஆனாலும் பழையது என்றால் டெப்மோட் தேடும் வரிசையைப் பாருங்கள். அப்டேட்ஸ், எக்ஸ்ட்ரா ஃபோல்டர்கள் பொதுவாகக் கர்னலின் சொந்த ஃபோல்டருக்கு முன்னால் தேடப்படும். யாராவது /எட்ஸி/டெப்மோட்.டி அடியில் அதை மாற்றி வைத்திருக்கலாம், அல்லது உங்கள் மாட்யூலைக் கையால் காப்பி செய்த இடம் இந்த வரிசையிலேயே இல்லாமல் இருக்கலாம்.

அறிகுறி: கர்னல் அப்டேட், ரீபூட், நெட்வொர்க் காலி

கையால் கட்டிய மாட்யூல் கட்டிய கர்னலுக்கு மட்டும்தான். உபுண்டுவில் தானியங்கி அப்டேட் புதிய கர்னலை நிறுவி வைத்துவிடும், சர்வர் மாதக்கணக்கில் பழையதிலேயே ஓடும், யாரோ வேறு காரணத்துக்காக ரீபூட் செய்யும் நாளில் வெடிக்கும். அவசரத்துக்கு: ரீபூட் செய்து கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், நெட்வொர்க் வந்துவிடும், அப்புறம் நிதானமாகப் பாருங்கள்.

நிரந்தரத்துக்கு டிகேஎம்எஸ். சோர்ஸை /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடியில் பெயர், கோடு, வெர்ஷன் என்ற வடிவில் வைத்து, டிகேஎம்எஸ்.கான்ஃப் எழுதி, ஆட்டோஇன்ஸ்டால் எஸ் என்று போட்டு, ஆட், பில்டு, இன்ஸ்டால். புதிய கர்னல் நிறுவப்படும்போது அதுவே கட்டிக்கொள்ளும், அந்தக் கர்னலுக்கான ஹெடரும் கூடவே வந்தால். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் போன்ற மெட்டா பேக்கேஜை நிறுவி வைப்பது இதற்காகத்தான். ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடித்துப் புதிய கர்னல் எண்ணுக்கு எதிரே இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா பார்ப்பதை உங்கள் மெயின்டனன்ஸ் செக்லிஸ்டில் எழுதி ஒட்டுங்கள். இல்லை என்றால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடியில் அந்த டிரைவரின் பில்டு ஃபோல்டரில் மேக்.லாக் இருக்கும், மேலே சொன்ன மூன்று வகையில் எது என்று அதில் தெரியும்.

அறிகுறி: டிரைவர் சரி, ஆனால் இன்டர்ஃபேஸ் பெயர் மாறிவிட்டது

டிரைவர் மாற்றியதும் இஎன்எஸ்1எஃப்0 என்று இருந்தது இஎன்எஸ்1எஃப்0என்பி0 ஆகலாம். புதிய டிரைவர் போர்ட் பெயரைக் கர்னலுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறது, சிஸ்டம்டி அதை வாலில் ஒட்டிவிட்டது. பழைய பெயரில் எழுதிய பாண்டிங், விலேன் கான்ஃபிக் எல்லாம் அநாதையாகிவிடும். /எட்ஸி/சிஸ்டம்டி/நெட்வொர்க் அடியில் .லிங்க் ஃபைல் ஒன்று எழுதி, மேட்ச் பகுதியில் பர்மனென்ட் மேக் முகவரியும் லிங்க் பகுதியில் பெயரும் கொடுத்துவிட்டால் எந்த டிரைவர் வந்தாலும் பெயர் மாறாது.

அறிகுறி: இன்டர்ஃபேஸ் இருக்கிறது, லிங்க் இல்லை

கேபிள் சரியான போர்ட்டில் இருக்கிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ரேக்கின் முன் நிற்கும் பையன் போனில், "அண்ணா, நாலு போர்ட்டும் ஒரே மாதிரி இருக்கு, எதுல போடட்டும்?" என்பான். "இரு, ஒண்ணை மட்டும் மினுக்க விடுறேன், எதுன்னு சொல்லு" என்று ஈத்டூல் -பி, இன்டர்ஃபேஸ் பெயர், 30 கொடுத்தால் முப்பது விநாடி அந்த போர்ட்டின் விளக்கு மட்டும் மினுக்கும். எதிர்முனையில் ஸ்விட்ச் பக்கம் கன்னடத்துத் தம்பி இருந்தால் "லைட் பர்த்தா இதியா?" (லைட் வருதா?) என்று கேட்டுக்கொள்ளலாம். பல லிங்க் கேஸ்கள் இந்த ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்டெல் 10 ஜிகாபிட் கார்டில் வேறு கம்பெனி எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் சிறு இணைப்பான்) போட்டால் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் 'அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி+' என்று டிமெஸ்ஜியில் எழுதிவிட்டு ஏறவே மறுக்கும். அலவ்_அன்சப்போர்ட்டட்_எஸ்எஃப்பி=1 என்ற ஆப்ஷனை மோட்ப்ரோப்.டியில் கொடுக்கலாம். கர்னலோடு வந்த டிரைவருக்கு ஒரே ஒரு 1 போதும், வெளியில் இருந்து கட்டியதில் போர்ட்டுக்கு ஒன்றாகக் கமா போட்டு 1,1 என்று தர வேண்டும். இந்த வித்தியாசத்தால் ஒரு போர்ட் மட்டும் வந்து இன்னொன்று வராமல் நிற்கும்.

25 ஜிகாபிட்டில் இரண்டு பக்கமும் எல்லாம் சரியாகத் தெரிந்தும் லிங்க் வரவில்லை என்றால் எஃப்இசி (பிழை திருத்தும் முறை) பாருங்கள். ஈத்டூல் --ஷோ-எஃப்இசி கொடுத்து ஸ்விட்ச் பக்கம் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நெட்வொர்க் டீமிடம் கேட்டு, ஒரே வகையாக ஆக்குங்கள். ஒரு பக்கம் ஆர்எஸ், மறுபக்கம் பேஸ்-ஆர் என்றால் லிங்க் வராது. டிரைவர் மாற்றும்போது இயல்பு நிலை மாறி, நேற்று வரை வந்த லிங்க் இன்று போவதும் நடக்கும். ஆப்டிக்ஸில் ஈத்டூல் -எம் கொடுத்தால் வாங்கும் ஒளியின் அளவு தெரியும். அது பாதாளத்தில் இருந்தால் ஃபைபரைத் துடையுங்கள், டிரைவரை விடுங்கள்.

அறிகுறி: லோடு ஏறினால் கார்டு ரீசெட் ஆகிறது, அல்லது வேகம் வரவில்லை

நெட்டெவ் வாட்ச்டாக், 'டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்' என்ற வரிகள் என்றால் கார்டுக்குக் கொடுத்த வேலை முடியாமல் தொங்குகிறது. இன்டெல் ஐ219 போன்ற மதர்போர்டு கார்டுகளில் இ1000இ டிரைவர் 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்று சொல்வதை ப்ராக்ஸ்மாக்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். ஈத்டூல் -கேயில் (இங்கே பெரிய எழுத்து கே) டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய டேட்டாவைப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வசதிகள்) இரண்டையும் ஆஃப் செய்தால் பெரும்பாலும் அடங்கும். சிபியு கொஞ்சம் கூடும், அவ்வளவே.

ஐ40இ கார்டில் என்விஎம் (கார்டில் இருக்கும் ஃபர்ம்வேர்) இமேஜ் எதிர்பார்த்ததைவிடப் புதியது என்று டிரைவர் சொன்னால் ஃபர்ம்வேர் முன்னால் போய்விட்டது, டிரைவர் பின்னால் நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே மெயின்டனன்ஸ் நேரத்தில் சேர்த்தே ஏற்றுங்கள். எந்த டிரைவருக்கு எந்த என்விஎம் பொருந்தும் என்று இன்டெல் பட்டியல் தருகிறது. ஒன்றை இந்த மாதமும் மற்றதை அடுத்த மாதமும் செய்வதில் வரும் மற்ற பிழைகள் டிமெஸ்ஜியில் இப்படி நேராகத் தெரியாமல் போகலாம்.

வேகம் மட்டும் குறைவு என்றால் எல்எஸ்பிசிஐ -விவி கொடுத்து எல்என்கேகேப் (கார்டால் முடிந்தது), எல்என்கேஸ்டா (இப்போது கிடைத்திருப்பது) வரிகளை ஒப்பிடுங்கள். எக்ஸ்520 இரட்டை போர்ட் கார்டு பிசிஐஇ 2.0ல் எட்டு லேன் எதிர்பார்க்கிறது. நீளமான ஸ்லாட் என்று பார்த்து மாட்டியிருப்பார்கள், உள்ளே நான்கு லேன்தான் இணைந்திருக்கும், அப்போது இரண்டு போர்ட்டும் முழு வேகத்தில் ஓட வழியே இல்லை. டிமெஸ்ஜியிலும் பேண்ட்வித் 'லிமிடெட் பை' என்று தொடங்கி எத்தனை லேன் என்பதைச் சொல்லும் வரி வரலாம். வேறு ஸ்லாட்டுக்கு மாற்றி, எல்என்கேஸ்டாவில் எக்ஸ்8 என்று வந்த பிறகு மறுபடி ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள்.